வட்டி வேண்டாம் என்று வந்தவர், வங்கி பிடித்துப்போய்த்தான் இருக்கிறாரா?

இஸ்லாம் வட்டியைத் தடுத்திருப்பதால், வட்டி வாங்காமலும் கொடுக்காமலும் நடப்பது இஸ்லாமிய வங்கி. அதன் வாடிக்கையாளர்கள் விசுவாசமானவர்கள் என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒருமுறை கணக்குத் தொடங்கிவிட்டால் லேசில் போகமாட்டார்கள், வரிசை நீண்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், லாபப் பங்கு கொஞ்சம் குறைந்தாலும் சத்தம் போடமாட்டார்கள் என்பார்கள். அப்படியொரு வங்கியில் பல வருடம் வாடிக்கையாளர் சேவை மேசையிலும், பிறகு புகார்ப் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மனிதர்கள் உறுதியானவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. வட்டியைத் தொடமாட்டேன் என்ற தங்கள் தீர்மானத்தில் உறுதியாக இருக்கிறார்கள். அதை வங்கி தன் சேவைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வதுதான் சரியில்லை.

வாடிக்கையாளர் விசுவாசத்தைப் பற்றி 1994இல் ஆலன் டிக், குணால் பாசு என்ற இருவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்கவேண்டியது. ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை விசுவாசி என்று சொல்லிவிடாதீர்கள், அவர் மனதில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள் என்றார்கள் அவர்கள். மனதும் ஒட்டி, வரவும் இருந்தால் அது உண்மையான விசுவாசம். மனம் ஒட்டாமல் வரவு மட்டும் இருந்தால் அது போலி. வேறு போக்கிடம் இல்லாததால் வருகிறவர், பழக்கத்தால் வருகிறவர் எல்லாம் இந்த இரண்டாவது வகை. இஸ்லாமிய வங்கி ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கிற இடத்தில், வட்டியைத் தவிர்க்க நினைக்கிறவருக்குப் போக்கிடம் ஏது? அவர் வந்துதான் ஆகவேண்டும்.

போக்கிடம் இல்லாதவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் புகார்ப் பிரிவில் நன்றாகவே பார்த்தேன். எங்களுக்கு வந்த புகார்கள் குறைவு. அதை மேலிடத்தில் நல்ல செய்தியாக வாசித்தார்கள். கணக்குகளைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். கணக்கு மூடப்பட்டிருக்காது. சம்பளம் மட்டும் வேறு வங்கிக்குப் போகத் தொடங்கியிருக்கும், தொழில் வரவு செலவு நின்றுபோயிருக்கும், சேமிப்பில் கொஞ்சம் பணம் அசையாமல் கிடக்கும். வங்கியின் புள்ளிவிவரத்தில் அவர் இன்னும் நம் வாடிக்கையாளர்.

ஏன் சொல்லாமல் போகிறார்கள்? நேருக்கு நேர் பேசினபோது எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் இதுதான்: "நல்ல நோக்கத்துல நடத்துறாங்க. இதைப் போய்க் குறை சொல்லணுமா?" வங்கியைக் குறை சொன்னால் மார்க்கத்தையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற தயக்கம். ஊழியர்களும் சில சமயம் இந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வார்கள். கேள்வி கொஞ்சம் கூர்மையாக வந்தால், "பரக்கத்தைப் (இறையருளைப்) பாருங்க, கணக்குப் பார்க்காதீங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பதில். நபிகளிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மீது பாய நினைத்தபோது, விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேசவும் இடமுண்டு என்று நபிகள் தடுத்தார்கள். அவருக்குத் தரவேண்டிய ஒட்டகத்தைவிட நல்லதாகவே கொடுக்கச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிற ஹதீஸ் இது. புகார்ப் பிரிவின் கதவில் எழுதிவைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. வங்கியில் பணம் போட்டவர், தவணை கட்டுகிறவர், இருவருமே உரிமை உள்ளவர்கள்தான்.

சரி, மேசையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

முராபஹா என்பது ஒரு விற்பனை. வாடிக்கையாளருக்கு ஒரு வாகனம் வேண்டும். வங்கி முதலில் அதைத் தானே வாங்கித் தன் உடைமை ஆக்கிக்கொள்கிறது. பிறகு, வாங்கின விலை இவ்வளவு, என் லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கிறது. நூறுக்கு வாங்கி நூற்றிருபதுக்கு விற்றால் கடைசிவரை அந்த நூற்றிருபதுதான். தவணை தள்ளிப்போனாலும் விலை ஏறக்கூடாது. வண்டி வங்கியின் உடைமையாக இருக்கும் இடைப்பட்ட நேரத்தில் அதற்கு ஏதாவது ஆனால் நட்டம் வங்கிக்கு. அந்தப் பொறுப்பை ஏற்பதால்தான் அது வியாபாரம்.

ஒரு பெரியவர் மகனுக்காக ஒரு வேன் எடுக்க வந்திருந்தார். பத்திரங்கள் தயாராகிக் கையெழுத்துப் போடவேண்டிய நேரத்தில் கேட்டார்: "தம்பி, மற்ற வங்கியிலயும் கிட்டத்தட்ட இதே தவணைதான் சொல்றாங்க. அப்புறம் என்ன வித்தியாசம்?" மேசையில் இருந்த இளைஞர், "ஷரீஆ சபை அனுமதிச்சிருக்கு ஐயா, கவலைப்படாதீங்க" என்றார். வங்கியின் ஒப்பந்தங்கள் ஷரீஆவுக்கு, அதாவது இஸ்லாமியச் சட்டத்துக்கு, உட்பட்டவையா என்று பார்க்கும் அறிஞர் குழுதான் அந்தச் சபை. பெரியவர் தலையாட்டினார். ஆனால் பேனாவைத் தொடவில்லை.

நான் கோப்பை வாங்கி இரண்டு தாள்களை மட்டும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்று, வங்கியின் பெயரில் விற்பனையாளர் தந்த பில். இன்னொன்று, வங்கி அவருக்கு விற்கும் ஒப்பந்தம். இரண்டிலும் தேதியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல வண்டி யாரோடது?"

"வங்கியோடது."

"அதுக்குள்ள தீப்பிடிச்சு எரிஞ்சிருந்தா?"

"உங்ககிட்ட ஒரு காசு கேட்க முடியாது. நட்டம் எங்களுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை முதல்லயே காட்டியிருக்கலாமே" என்றார். அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. "லாபத்தை எதை வச்சு முடிவு பண்றீங்க?" சந்தையில் வட்டி விகிதம் என்ன போகிறது என்று பார்த்துத்தான் பெரும்பாலும் விலை வைக்கிறோம், அளவுகோலாக அதைப் பயன்படுத்துவதால் மட்டும் விற்பனை செல்லாமல் போகாது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், அதே அறிஞர்கள் இது விரும்பத்தக்கதல்ல என்றும் சொல்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். தனக்குப் பிடிக்காத பதிலையும் மறைக்காமல் சொல்லும் இடம் என்று அவருக்கு அன்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் நேராக என்னிடம் வருவார்.

ஒவ்வொரு முராபஹாவிலும் இந்த இடைவெளி இவ்வளவு தெளிவாகத் தெரியாது. வங்கி வாடிக்கையாளரையே முகவராக வைத்து, நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடும்போது, வாங்குவதும் விற்பதும் அவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். தவர்ருக் இன்னும் சிக்கல். ரொக்கம் தேவைப்படுகிறவருக்கு ஏதோ ஓர் உலோகத்தையோ பாமாயிலையோ தவணைக்கு விற்று, அவர் சார்பாக வங்கியே அதை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தைக் கணக்கில் போடும். அவர் அந்தப் பொருளைப் பார்ப்பதே இல்லை. இப்படி ஏற்பாடு செய்யப்பட்ட தவர்ருக் கூடாது என்று இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 2009இல் ஷார்ஜாவில் கூடியபோது தீர்மானித்தது. ஆனால் மலேசியாவில் இது சர்வசாதாரணம். அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதில் தவறில்லை. அந்த வேறுபாடு இருப்பதையே வாடிக்கையாளரிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டு, அவர் வேறெங்கோ கேள்விப்பட்டு வந்து நம் முகத்தைப் பார்க்கும்போது போகிற நம்பிக்கை இருக்கிறதே, அது திரும்புவதில்லை.

ஆய்வாளர்கள் இதையெல்லாம் கொஞ்சமாவது அளந்து பார்த்திருக்கிறார்கள். சேவைத் தரத்தை அளக்க பரசுராமன், ஸைதம்ல், பெரி மூவரும் 1988இல் ஐந்து பரிமாணங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வது, உடனே கவனிப்பது, நம்பிக்கை தருவது, அக்கறை காட்டுவது, கண்ணுக்குத் தெரியும் வசதிகள். 2001இல் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸை வைத்து ஆராய்ந்த ஒத்மானும் ஓவெனும் இந்த ஐந்தோடு ஆறாவதாக ஷரீஆவைப் பின்பற்றுவதைச் சேர்த்து, அதையே முதலிடத்தில் வைத்தார்கள். அது நியாயமான சேர்ப்புதான். ஆனால் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. வரிசை நீளத்தை வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடலாம். ஒப்பந்தம் ஷரீஆவுக்கு உட்பட்டதா என்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? சபையில் இருக்கும் அறிஞர்களின் பெயர் ஆண்டறிக்கையில் இருக்கும். அவர்களுக்கு ஊதியம் தருவதும் அதே வங்கிதான். ஆக, அவர் கண்ணுக்குத் தெரிகிற ஷரீஆ என்பது, மேசையில் இருக்கும் ஊழியர் விளக்குகிற விதம் மட்டுமே. அந்த ஊழியருக்கு முராபஹாவுக்கும் கடனுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாவிட்டால், வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஆறாவது பரிமாணமே இல்லை.

மக்கள் எதற்காக இஸ்லாமிய வங்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஒரே பதில் கிடைத்ததில்லை. ஜோர்டானில் நடந்து 1989இல் வெளியான ஓர் ஆய்வு, மார்க்க நோக்கம் முதன்மைக் காரணம் அல்ல என்றது. 1994இல் மலேசியாவைப் பற்றி வந்த ஆய்வில் வேகமான, திறமையான சேவை முன்னால் நின்றது. 1998இல் பஹ்ரைன் ஆய்வில் மார்க்கமே முதலிடம், அடுத்தது லாபம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதம் செய்வது எளிது. நான் பார்த்த வரையில், வாசலுக்குள் வரவைப்பது மார்க்கமாக இருக்கலாம், தங்கவைப்பது மற்ற ஐந்தும்தான்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1963இல் எகிப்தின் நைல் டெல்டாவில் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியைத்தான் நவீன இஸ்லாமிய வங்கிகளின் முன்னோடி என்கிறோம். அதன் பெயரில் இஸ்லாம் என்ற சொல்லே கிடையாது. உள்ளூர்ச் சேமிப்பு வங்கி, அவ்வளவுதான். ஜெர்மனியில் படித்த அவர், அங்கே சிறு ஊர்களில் இயங்கும் சேமிப்பு வங்கிகளை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். வட்டி வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சிறு விவசாயிகளும் தொழிலாளிகளும் அங்கே பணம் போட்டார்கள். அந்தப் பணம் தங்களைப் போன்றவர்களுக்கே, தங்கள் பகுதியிலேயே உதவியாகப் போவதைக் கண்ணால் பார்த்தார்கள். சில வருடங்களிலேயே அரசியல் சூழலால் அது நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் மக்கள் கைவிட்டது அல்ல.

இன்னொரு பக்கம் துருக்கி. 2001 பிப்ரவரியில் இஹ்லாஸ் ஃபினான்ஸ் என்ற வட்டியில்லா நிதி நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. அன்று இத்தகைய நிறுவனங்களில் போட்ட பணத்துக்கு வைப்புக் காப்பீடு இல்லை. செய்தி பரவியதும் அதே வகையைச் சேர்ந்த மற்ற நிறுவனங்களிலிருந்தும் மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். அவர்களுடைய ஈமான் (இறைநம்பிக்கை) அந்த வாரத்தில் குறைந்துவிடவில்லை. பணம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் போனது. பிறகு அந்த நிறுவனங்களுக்குக் காப்பீட்டு ஏற்பாடு வந்தது, 2005இல் பங்கேற்பு வங்கிகள் என்ற பெயரில் முறையான வங்கிச் சட்டத்துக்குள் வந்தன, வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள். விசுவாசமான வாடிக்கையாளர்கள் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்த 2001ஐ ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

வங்கிகளுக்கே இது உள்ளுக்குள் தெரியும். முதாரபா என்பது ஒருவர் பணம் போட, வங்கி அதை வைத்துத் தொழில் செய்யும் கூட்டு. பணம் போட்டவருக்கு லாபத்தில் பங்கு, நட்டம் வந்தால் அந்தப் பண நட்டம் அவருடையது என்பது கொள்கை. ஆனால் பக்கத்து வங்கியின் வட்டி விகிதத்தைவிட லாபப் பங்கு குறைந்தால் பணம் வெளியே போய்விடும் என்ற பயத்தில், பல வங்கிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தோ, நல்ல வருடங்களில் ஒதுக்கி வைத்ததிலிருந்து எடுத்தோ ஈடுகட்டுகின்றன. 1980களில் எகிப்தில் ஒரு வங்கி, முதலீட்டுக் கணக்குக்காரர்களுக்கு எல்லா லாபத்தையும் கொடுத்துவிட்டுப் பங்குதாரர்களுக்கு ஒன்றுமில்லாமல் விட்ட கதை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. வாடிக்கையாளர் மார்க்கத்துக்காகவே இருக்கிறார் என்று வங்கி உண்மையிலேயே நம்பினால், இப்படி ஈடுகட்டவேண்டிய அவசியமே வராது. என் கருத்து, இந்த மாதம் லாபம் குறைவு, காரணம் இதுதான் என்று கணக்கைத் திறந்து காட்டுவதே மேல். பங்காளி என்று சேர்த்துக்கொண்டவரிடம் வியாபாரத்தின் நிலவரத்தை மறைப்பது என்ன பங்காளித்தனம்?

எனக்கு அதிகம் புகார் வந்த இடங்கள் இரண்டு. ஒன்று, முன்கூட்டியே கட்டி முடிப்பது. வட்டிக் கடனில் சீக்கிரம் கட்டினால் மீதி மாதங்களின் வட்டி மிச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். முராபஹாவில் விலை முதலிலேயே முடிவாகிவிட்டதால், சட்டப்படி முழு விலையும் கடன்தான். வங்கி தானாக விரும்பி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம், ஆனால் அதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதக்கூடாது என்பது இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும் ஆயோஃபி (AAOIFI) அமைப்பின் போக்கு. மலேசிய மத்திய வங்கி வேறு வழியில் போய், தள்ளுபடி தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் என்று கட்டாயமாக்கியது, வாடிக்கையாளர் இருட்டில் நிற்கக்கூடாது என்பதற்காக. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. ஆனால் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தோடு கடனை முடிக்க வந்து, தள்ளுபடி உண்டா இல்லையா என்பது மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது என்று தெரிந்துகொண்டவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுத முடியாவிட்டாலும், வங்கி வழக்கமாக எப்படிக் கணக்குப் போட்டுத் தள்ளுபடி தருகிறது என்று முதல் நாளே வாயால் சொல்லலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, தாமதக் கட்டணம். தவணை தவறினால் வாங்கும் தொகையை வங்கி தன் வருமானமாக வைத்துக்கொள்ளக்கூடாது, தர்மத்துக்குக் கொடுக்கவேண்டும். இது இந்த முறையின் அழகான பகுதிகளில் ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் கட்டுகிறவருக்கு இது தெரிவதே இல்லை. ரசீதில் அபராதம் என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். வட்டிக்குப் பயந்து வந்தவர் அந்த வரியைப் பார்த்து என்ன நினைப்பார்?

கணக்கை அசையாமல் விட்டுவிட்டுப் போனவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் வேலையைக் கடைசிக் காலத்தில் நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். லாபம் போதவில்லை என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியவில்லை. கேள்வி கேட்டால் மார்க்க உபதேசம் செய்கிறார்கள். இவைதான் அதிகம் கேட்டவை. முஸ்லிம் அல்லாத வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். விலை மாறாது, மறைமுகக் கட்டணம் இல்லை என்பதற்காக வந்தவர்கள். பிடிக்கவில்லை என்றால் கணக்கை மூடி, காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடிதங்களில் இருந்த குறைகளும் மற்றவர்கள் தொலைபேசியில் சொன்ன குறைகளும் ஒன்றேதான்.

ஒரு பெண்மணி கேட்டார்: "நான் கட்டின அபராதம் எந்த தர்மத்துக்குப் போச்சு?" பதில் கண்டுபிடிக்க எனக்குப் பல மேசைகள் ஏற வேண்டியிருந்தது. மருத்துவ உதவி, படிப்பு உதவி என்று ஒழுங்காகப் பட்டியல் இருந்தது, ஷரீஆ சபையின் ஒப்புதலோடு. தலைமையகத்தில் ஒரு கோப்புக்குள் இருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ், இதுக்குன்னா சந்தோஷமாவே கட்டியிருப்பேன்" என்றார். அந்தப் பட்டியலைப் பயனாளிகளின் பெயர் இல்லாமல் எல்லாக் கிளைகளிலும் ஒட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று இந்தத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் அதையே கேட்கிறேன். அந்தப் பட்டியலை ஒட்டுங்கள். முராபஹா கோப்பில் இருக்கும் அந்த இரண்டு தாள்களையும் கையெழுத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். திருப்தியா என்று கேட்கும் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கள்: எதிரிலேயே இன்னொரு இஸ்லாமிய வங்கி திறந்தால், நீங்கள் இங்கேயே இருப்பீர்களா?